உள்ளூர் காலேஜ்

"நெஞ்சுல ஈரம்னு ஏதாவது இருக்காடி உனக்கு?"

மாடி வீட்டுக்காரி போட்ட சத்தத்துல, என் அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதையே நான் பாக்கலை. கிடக்குதுன்னு அணைச்சுட்டுப் படியேறினேன்.

குண்டூசி தலையைக் குனிஞ்சு நின்னா. அவ மகதான். ஒல்லி உடம்பு, குத்துற வாய். அதான் அந்தப் பேரு. டாக்டர் படிப்புக்குப் பரீட்சை எழுதி, நல்ல ரேங்க் வாங்கினவ. அன்னிக்குத்தான் கவுன்சிலிங்.

"நீங்களே கேளுங்க பெரியம்மா! ரேங்க் வரிசைப்படி உள்ள கூப்பிட்டு, மிச்சம் இருக்குறதுல எந்தக் காலேஜ் வேணும்னு கேக்குறாங்க. பெத்தவங்களை உள்ள விடலை. நான் வாசல்லயே தவம் கிடக்கேன். இந்த மகராசி, ரயில்ல ஒரு நாள் பூரா போற ஊரை எடுத்துட்டு வந்து நிக்கிறா!"

"உள்ளூர்ல இடம் இல்லையோ என்னவோ..."

"இருந்துச்சாம்! வாயைத் திறந்து சொல்லுடி!"

"இருந்துச்சு. எடுக்கலை"ன்னா குண்டூசி.

எனக்கும் சுர்ருன்னு ஏறிச்சு. இவ அம்மா எப்பேர்ப்பட்டவன்னு தெரியுமா? தங்கச்சியைக் கட்டிக் குடுத்த அன்னிக்கு, கப்பல் ஏத்தி அனுப்புற மாதிரி தெருவுல நின்னு அழுதா. தங்கச்சி போனது அடுத்த தெருவுக்கு! விடிஞ்சதும் விடியாததுமா அந்தத் தங்கச்சி இங்க சர்க்கரை கேட்டு வந்து நின்னது தனிக் கதை. அப்படிப்பட்டவளுக்கு இப்ப புருஷனும் இல்லை. வர்ற மாசம் முட்டி ஆபரேஷன் வேற.

"ஏன்டி, ஆபரேஷன் முடிஞ்சு வந்தா உங்கம்மாவைக் கைபிடிச்சு நடத்த யாரு இருக்கா?"ன்னு நானே கேட்டுட்டேன்.

"சித்தி வரேன்னு சொல்லிட்டாங்க. அடுத்த தெருதானே."

பாத்தீங்களா வாயை!

"ஊர் சுத்தணும். தட்டிக் கேக்க ஆள் இருக்கக் கூடாது. அதானேடி?" அம்மாக்காரி மூக்கைச் சிந்தினா.

அந்த நேரம் பாத்து, கீழ் வீட்டு டெய்லரோட பொண்ணு படியேறி வந்தா. குண்டூசியும் அவளும் ஒண்ணாப் படிச்சவங்க. டெய்லருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. சோறு ஊட்டுறதுல இருந்து துணி மாத்துறது வரைக்கும் இந்தப் பொண்ணுதான். வேற நாதி இல்லை. "உள்ளூர்ல கிடைச்சாத்தான் டாக்டர் படிப்பு. இல்லைன்னா வேண்டவே வேண்டாம்"னு முன்னாடியே முடிவு பண்ணினவ.

"உனக்கு எங்க கிடைச்சுதும்மா?"ன்னு கேட்டேன்.

"இங்கயேதான் பாட்டி."

அவ்வளவுதான். அம்மாக்காரிக்கு மறுபடியும் ஆவேசம் வந்துருச்சு.

"கேட்டியாடி? ரேங்க் உனக்குக் கீழதான். ஆனா பெத்தவர் மேல பாசம் இருக்கு, இங்கயே வாங்கிட்டா! பாசம்னா என்னன்னு அவ கால்ல விழுந்து கத்துக்கோ!"

டெய்லர் பொண்ணு முகம் செத்துப் போச்சு. குண்டூசி அவளைப் பாத்து 'வேண்டாம்'னு கண்ணைக் காட்டினா. அவ கேக்கலை.

"ஆன்ட்டி, இவளுக்கு அடுத்து கூப்பிட்டது என்னைத்தான். இவ உள்ள போறப்போ ஸ்கிரீன்ல நம்ம ஊர் காலேஜுக்கு நேரா மிச்ச இடம் 'ஒண்ணு'ன்னு இருந்துச்சு..."

அவ குண்டூசியோட கையைப் பிடிச்சுக்கிட்டா.

"இவ வெளிய வந்த பிறகும் அந்த ஒண்ணு அப்படியே இருந்துச்சு."