செத்த கீபோர்டு

“செத்த கீபோர்டுதான், விரலுக்கு ஞாபகம் வருதான்னு பயப்படாம அடிங்க” என்று சொல்லி அதை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினேன்.

செத்ததாவது ஒன்றாவது. அதன் ஒயர் மேஜையில் நான் போட்ட ஓட்டை வழியாக இறங்கி நேராக என் கம்ப்யூட்டருக்குத்தான் போகிறது.

பாஸ்வேர்டை மறந்துவிட்டு என் கடைக்கு வருகிறவர்களுக்கு மண்டைதான் மறந்திருக்கும், விரல் மறந்திருக்காது. ஆனால் அடிப்பது பதிவாகிறது என்று தெரிந்தால் விரல் தடுமாறும். அதற்காக ஒரு சின்னப் பொய். யோசிக்காமல் அடித்துவிட்டுப் போவார்கள். நான் பூட்டைத் திறந்து கொடுத்து மந்திரவாதி என்று பெயர் வாங்குவேன்.

அவர்கள் வேலையை என்னிடம் ஒப்படைக்கும் வரை பதிவானதைப் பார்க்க மாட்டேன். பொய் சொல்வேனே தவிர, திருட மாட்டேன்.

அவள் உடனே அடிக்கவில்லை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதன் மூடியில் பாதி கிழிந்திருந்த வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே, ஒரு பாஸ்வேர்டை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேட்டாள்.

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிற ஆள் நான். இழுப்பறையிலிருந்து பெட்டிப் பூட்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

மூன்று எண் சக்கரம் இருந்தால் ஆயிரம் தடவை திருப்பினால் எப்படியும் திறந்துவிடும். ஒரு சக்கரம் கூடினால் வேலை பத்து மடங்கு. எழுத்தாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இன்னும் பல மடங்கு. அப்படியும் ஆறு எழுத்துப் பாஸ்வேர்டை என் மெஷின் டீ ஆறுவதற்குள் பிடித்துவிடும் என்று பெருமையடித்தேன்.

அவள் முகம் வாடியது. பாஸ்வேர்ட் சின்னதென்றால் நல்லதுதானே, எதற்கு வாட்டம் என்று நினைத்தேன்.

டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் என்று அடுத்த கேள்வி வந்தது.

பிரயோஜனமில்லை என்றேன். உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு நீளமான சாவி கலைத்து வைத்திருக்கிறது. அந்தச் சாவியை எந்தக் கொம்பனாலும் ஊகிக்க முடியாது. ஆனால் சாவி இருக்கிற பெட்டிக்குப் பூட்டு, நாம் வைக்கிற பாஸ்வேர்ட்தான். கோட்டை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, தாழ்ப்பாள் துரும்பாக இருந்தால் அவ்வளவுதான்.

“அப்ப ஒரு முழு வாக்கியத்தையே வெச்சா?”

“யாரும் எங்கயும் எழுதாத வாக்கியமா இருந்தா, சூரியனே அணைஞ்சு போனாலும் என் மெஷின் தேடிக்கிட்டுத்தான் இருக்கும்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றுவது கண்ணிமைக்கும் நேர வேலை, உள்ளே இருக்கிற சாவியைத் தொடவே வேண்டாம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகுதான் கீபோர்டில் கை வைத்தாள். இடது ஓரத்துப் பட்டனைச் சுண்டுவிரலால் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்புறம் மளமளவென்று அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நீளமான பாஸ்வேர்டை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. அப்படி என்னதான் வைத்திருப்பாள்? ஏதாவது பிரார்த்தனையா, யாரையாவது திட்டுகிறாளா? பதிவான ஃபைல் திரை ஓரத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டது. என் கையை நானே அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் அந்த லேப்டாப் மறுபடி வந்தது. கிழிந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

கொண்டுவந்தவர் சிரித்த முகமான மனிதர். “வொய்ஃபோடது. பாஸ்வேர்ட் மறந்துட்டா. திறந்துட்டு எனக்குக் கூப்பிடுங்க சார், அவளுக்கு வேண்டாம்.”

அப்பாடா, ஒப்படைத்தாயிற்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கூப்பிடவே தேவையில்லை, உட்காருங்கள், இப்போதே திறந்து தருகிறேன் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு ஃபைலைத் திறந்தேன்.

ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

‘செத்த கீபோர்டுல லைட் எரியுது அண்ணா. நான் எதையும் மறக்கல. என் புருஷன் இதைத் திறக்க உங்ககிட்டதான் கொண்டு வரப் போறார். உள்ள இருக்கறது அவர் கண்ணுல பட்டா நான் அந்த வீட்டை விட்டு வெளியவே வர முடியாது. திறக்காதுன்னு சொல்லிடுங்க. பொய் உங்களுக்கு நல்லா வருது.’

இடது ஓரத்துப் பட்டனைத் தட்டினேன். கீபோர்டின் மூலையில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் பெருமைக்காக இந்த மனிதரையும் என் பக்கம் கூப்பிட்டுத் திரையைக் காட்டியிருப்பேன்.

“என்ன சார், எவ்வளவு நேரம் ஆகும்?” அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபைலை அழித்தேன். லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன்.

“அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். சூரியன் அணையற வரைக்கும் ஆகும் சார். யார்கிட்ட கொண்டு போனாலும் இதான் சொல்லுவாங்க.”

நேற்று நான் சொன்னதையெல்லாம் அவள் கவனமாகக் கேட்டிருந்தால், பாஸ்வேர்ட் இந்நேரம் ஒரு முழு வாக்கியமாக மாறியிருக்கும்; இதில் பொய் ஒன்றுமில்லை.

கேட்டிருந்தாள்.