புண் விழாத படம்

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயிலில் செயற்கைக்கால் பளபளக்கிறது. உயிர்மருத்துவப் பொறியியல் மேற்படிப்புக்குக் கிடைத்த இந்த இடத்தில் சேர்வதா வேண்டாமா என்று அவள் இன்று சொல்லியாக வேண்டும். கூட வந்த அண்ணன் இப்போதே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் செயற்கைக்காலைப் பேராசிரியர் கழற்றுகிறார். பிசுக்கென்று ஒரு சத்தம். காலைச் செருகும் உறைக்குள்ளிருந்து சீழும் வியர்வையும் கலந்த நாற்றம் கிளம்புகிறது. முழங்காலுக்குக் கீழே, வெட்டுப்பட்ட முனையில், சிவந்து ஈரமாய் ஒரு புண். அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். பேராசிரியர் வாசனைத் தெளிப்பானை எடுத்து, கொசுவுக்கு அடிப்பதுபோலப் பெரியவரைச் சுற்றி அடிக்கிறார். ரோஜா மணம் புண்ணின் மேல் வந்து உட்காருகிறது. இப்போதுதான் அவளும் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

“இந்தப் பக்கம் திரும்புங்க, புண்ணு படத்துல விழக்கூடாது,” என்று பேராசிரியர் பேனா முனையால் அந்த முழங்காலைத் தள்ளிவிட்டு, கேமராவைத் தூக்குகிறார். அப்படி எடுத்து விளம்பரத்தில் போட்ட ஒரு படத்தைப் பார்த்துத்தான் அவள் இங்கே விண்ணப்பித்தாள். “உறை உரசுதுன்னு போன மாசமே சொன்னேன்,” என்கிறார் பெரியவர். “கால் என்னோடதுங்கறதைத்தான் சார் மறந்துட்டாரு.” பேராசிரியர் சிரிக்கிறார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அவளை முழங்கையால் இடிக்கிறான். “சரின்னு சொல்லுடி. இதைவிடப் பெரிய இடம் எங்க கிடைக்கும்?” அவள் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். “எனக்கு இந்த இடம் வேண்டாம் சார்.” பேராசிரியர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, உன் நிழல் விழுது.” அவள் நகரவில்லை.