எந்த ஊர்ச் சரக்கு?

“தம்பி மனோஜ், நீங்கள் கீழை சரக்குக் காச்சுறீங்களாம், மெய்யே?”

வீட்டுக்கார அருள்மலர் அன்ரி இப்படிக் கேட்டதும், மாறி வந்த தபாலைக் கொடுக்க மேலே வந்த மனோஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போச்சுடா! இந்தக் குளிர்தேசத்து மில்லிக்கன் ஊரில், இந்த வீட்டு பேஸ்மென்டுக்குக் குடிவந்த அன்றே அன்ரி கறாராகச் சொல்லியிருந்தார்: “குடிகாரருக்கு இஞ்சை இடமில்லை. குடிச்சால் அண்டைக்கே வெளியிலை.” அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து மனைவி வருகிறாள். இந்தக் குளிரில் அவளையும் கூட்டிக்கொண்டு, பெட்டியும் கையுமாக எங்கே போய் நிற்பது?

“யாரு சொன்னா, ஆன்ட்டி?”

“அங்கிள்தான். மணமும் மேலை வருதே! ஏன் முழிக்கிறீங்கள்? நல்ல விசயந்தானே. என்ரை மகள் நிலாணிக்கு அடுத்த மாசம் பிள்ளை பிறக்கப்போகுது. அவளுக்கும் கொஞ்சம் செய்து தாங்கோ.”

மனோஜ் காதைத் தேய்த்துக்கொண்டான். “பிள்ளை பெத்தவங்களுக்கா? சரக்கா?”

“பின்னை? பெத்த உடம்புக்கு அதுதானே மருந்து! நிலாணி பிறந்த நேரம் நான் எவ்வளவு குடிச்சனான் தெரியுமே?”

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அன்ரியா இப்படிப் பேசுவது? அவருக்குத் தெரியாமல், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரைக் காய்ச்சி வந்தவனுக்கு இப்போது அவரே ஆர்டர் கொடுக்கிறார். துணி தோய்க்க வந்த அன்ரியின் கணவர் அன்புராசா அங்கிள் பார்த்துச் சொல்லியிருப்பார் போல. அதுவரை புரிந்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம், எந்த ஹாப்ஸ் போடுவது என்பது. பியரின் கசப்பே அதில்தான் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு இன்னதுதான் போட வேண்டுமென்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் இரண்டு பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு மேலேயே போய்விட்டான்.

“இதுதான் ஹாப்ஸ், ஆன்ட்டி. ஒரு கொடியோட பூ, காயவெச்சு அரைச்சு உருட்டினது. இது மேக்னம், நல்லா கசக்கும். இது ஃபகிள், சாந்தமா இருக்கும்.”

அன்ரி பச்சை உருண்டைகளை முகர்ந்து பார்த்தார். “நல்ல மூலிகை மணம்! நாங்கள் உது போடுறேல்லை. எண்டாலும் பூ ஒரு கெடுதலும் செய்யாது. இஞ்சரப்பா, எது நல்லம்?”

சோபாவில் இலவசத் தமிழ்ப் பத்திரிகைக்குப் பின்னால் இருந்த அங்கிள், பத்திரிகையை விலக்காமலே சொன்னார். “ஃபகிள். போன முறை மற்றதைப் போட்டுக் கைப்புக் கூடிப்போச்சு.”

போன முறையா? அது இவருக்கு எப்படித் தெரியும்? மணத்தை வைத்தே சொல்லிவிடுவாரோ? பலே ஆள்தான் என்று வியந்துகொண்டு படியிறங்கினான் மனோஜ்.

நிலாணிக்கு மகள் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீட்டுக்கு வந்த அன்று ஸ்டவுட்டும் தயாராக இருந்தது. ஒரு போத்தலுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் நீட்டினான்.

“போத்தலிலையோ? தூளாத் தருவீங்கள் எண்டல்லோ இருந்தனான்!” அன்ரி மூடியைத் திறந்தார்.

‘புஸ்’ஸென்று நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. முகர்ந்து பார்த்த அன்ரியின் முகம் மாறிவிட்டது.

“ஐயோ முருகா, இது பியர் அல்லோ! பச்சை உடம்புக்காரிக்கோ இதைக் கொண்டந்தனீங்கள்?”

“நீங்கதானே ஆன்ட்டி சரக்கு கேட்டீங்க? எங்க ஊர்ல சரக்குன்னா இதுதான்!”

“எங்கடை ஊரிலை சரக்கெண்டால் மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எண்ட சுக்கெல்லாம் அரைச்சுப் பிள்ளை பெத்தவைக்குக் காச்சிக் குடுக்கிறது!”

மனோஜுக்கு அப்போதுதான் விளங்கியது. ரிப்பன் வேறு கட்டி, தானே வந்து மாட்டிக்கொண்டானே! விமான டிக்கெட் எடுத்துவிட்ட மனைவியிடம் என்னவென்று சொல்வான்?

“மன்னிச்சிடுங்க, ஆன்ட்டி. நாளைக்கே காலி பண்ணிடறேன்.”

“நீங்கள் ஒரு இடமும் போக வேண்டாம், தம்பி. கேட்டது நான்தானே.”

அன்ரி போத்தலை மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சோபாவின் பக்கம் திரும்பினார். பத்திரிகை அங்கிளின் முகத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

“அப்ப, உடுப்புத் தோய்க்கப் போற நேரமெல்லாம், சளிக்கு நல்லம் எண்டு நீங்கள் கீழை குடிச்சிட்டு வந்தது எந்த ஊர்ச் சரக்கப்பா?”