முட்டுக் கொடுத்த மூட்டை

"எந்திரிடா என் மூட்டை மேலேருந்து!"

ரோசினா போட்ட சத்தத்தில், ஓடுதளத்தில் மேய்ந்த பன்றிகள்கூட வேலிப் பக்கம் ஓடிவிட்டன.

பைலட் வாகி அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கியிருந்தான். கொஞ்ச நேரம் முன்னால்தான் செத்துப் பிழைத்திருந்தான்.

பப்புவா மலைச்சரிவில் மேல்நோக்கி ஏறும் புல் ஓடுதளம் அது. சக்கரம் தரையைத் தொட்டதும் பிரேக்கை மிதித்தான். பிடிக்கவே இல்லை. சின்ன விமானம் குடிகாரன் மாதிரி இடமும் வலமும் அலைந்துகொண்டே மேடேறியது. உச்சிக்குப் போனதும் இன்ஜின் இருமி நின்றது. அப்புறம் பின்பக்கமாக உருள ஆரம்பித்துவிட்டது!

கீழே ஓடுதளம் முடிகிற இடத்தில் கிடுகிடு பள்ளம். உள்ளே கைக்குழந்தைக்காரி ஒருத்தியோடு சேர்த்து ஏழு பேர்.

சரக்கு ஏற்றும் கெரெங்காதான் ஓடிவந்தான். விமானத்தில் ஏற்ற வரிசையாக வைத்திருந்த காப்பிக்கொட்டை மூட்டைகளில் ஒன்றை இழுத்து, சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தான். விமானம் அதில் மோதி, அரைவட்டம் அடித்து, குறுக்கே நின்றது.

மூட்டை ரோசினாவுடையது. அவள் கெரெங்காவுக்கு அண்ணி முறை. அவனோ மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனை மூட்டை வரிசையா நிக்குது. உன் பொண்டாட்டி மூட்டைதான் முதல்ல நிக்குது. அதுல கை வைக்க வலிச்சுதா? என்னுதுதான் இளிச்சவாய் மூட்டையா?"

"நியாயம்தானே கேக்குறா!" என்றது கூட்டம்.

"அக்கா, ஏழு உசிரு பிழைச்சிருக்கு" என்றான் வாகி.

"பிழைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான் தம்பி. அதுக்கு என் காப்பி ஏன் சாகணும்? ஒவ்வொரு பழமா பறிச்சு, காயப்போட்டு, கோழி கிளறாம காவல் கிடந்து சேர்த்தது. கோரோக்கா சந்தைத் தராசுல எப்பவும் என் மூட்டைதான் கனம், கேட்டுப் பாரு!"

வாகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பொம்பளை இவள்! குழந்தை அழுகிற சத்தம் காதில் விழவில்லையா?

இந்தக் கெரெங்காவும்தான் என்ன ஆள்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? திட்டத் திட்ட, மூட்டை மேல் இன்னும் அழுத்தி உட்காருகிறான்!

"நஷ்டஈடா ரெண்டு பன்னி! ஒண்ணு பிளேன்காரங்க தரணும், ஒண்ணு இவன் தரணும். குறைஞ்சா விடமாட்டேன்!"

"எவ்வளவு சேதம்னு பிரிச்சுப் பார்த்துட்டுப் பேசுவோமே" என்றார் ஒருவர்.

"பிரிக்கிறது என்ன பிரிக்கிறது? இந்த ரோசினா வாய்ல இன்னிவரைக்கும் பொய் வந்திருக்கா? அவ்வளவும் நாசம்! நசுங்கின கொட்டையை எவன் வாங்குவான்?"

"டேய் கெரெங்கா, அவ நின்னுக்கிட்டுப் பேசுறா, நீ அவ மூட்டை மேலயே உட்கார்ந்திருக்க. மரியாதை தெரியாது உனக்கு?" என்று கூட்டத்திலிருந்து இரண்டு பேர் கையை மடக்கிக்கொண்டு வந்தார்கள்.

அடிதடியாகிவிடுமோ என்று வாகிக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்க் கெரெங்காவின் கையைப் பிடித்தான்.

"அண்ணே, பன்னியை நான் பார்த்துக்கறேன். நீங்க எந்திரிச்சு அக்காகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கெரெங்கா எழவில்லை.

"அண்ணி, கொஞ்சம் இப்படிக் குனிங்க" என்றான்.

"என்னடா ரகசியம்? ஊருக்கு முன்னால சொல்லு!"

"குனிங்க அண்ணி."

முகத்தைச் சுளித்துக்கொண்டு ரோசினா குனிந்தாள். அவன் சொன்னது, கையைப் பிடித்துக்கொண்டிருந்த வாகிக்கு மட்டும்தான் கேட்டது.

"வெறும் கொட்டை மூட்டையைப் போட்டிருந்தா சக்கரம் நசுக்கிட்டுப் போயிருக்கும். தூக்கி ஏத்துறவனுக்குத் தெரியாதா, எது தாங்கும்னு? மூட்டை கிழிஞ்சிருக்கு அண்ணி, கிழிசல் மேலதான் உட்கார்ந்திருக்கேன். எந்திரிச்சா உள்ள இருக்கிற கல்லை ஊரே பார்க்கும். எந்திரிக்கட்டுமா?"