கொய்யா மரத்தில் டுரியான்

ஹோட்டல் கவுண்டரில் இருந்தவர் பையைக் கீழே வைக்கச் சொன்னார். அவள் வைக்கவில்லை.

கவுண்டருக்கு மேலே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. கடும் வாசனை அடிக்கிற டுரியான் பழம் அறைக்குள் கூடாது, மீறினால் அபராதம். பக்கத்தில் பழத்தின் படம், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

கவுண்டரில் இருந்தவரின் சட்டையில் குணாளன் என்று பெயர் குத்தியிருந்தது. அவர் பையைப் பார்த்தார். உருண்டையான, கனமான துணிப்பை. அவள் அதை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தாள்.

பைக்குள் மண்சட்டி.

சட்டிக்குள் அவள் கணவர்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், நேற்று எரித்தார்கள். இன்று மதியம் சாம்பலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஈப்போவுக்குப் போய் ஆற்றில் கரைக்க வேண்டும். மகள் அங்கே காத்திருக்கிறாள். விடுமுறைக் கூட்டம் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மலேசியக் கரையில் ஜேபி என்று சொல்லும் ஜொகூர் பாருவுக்குள் அவள் வந்து சேர்வதற்குள் ஈப்போ பஸ்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. இனி காலையில்தான் இடம்.

முதல் ஹோட்டலில் உண்மையைச் சொன்னாள். அறை இல்லை என்றார்கள். சொல்வதற்கு முன்பு இருந்தது.

அதனால் இங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கேயும் இல்லையென்றால் பஸ் நிலையத்தில் அவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மூலையில் முதலாளி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குணாளன் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் உரக்கக் கேட்டார்.

“என்னக்கா, டுரியானா?”

அவள் தலையாட்டினாள்.

கட்டின புருஷனை டுரியான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதுவும் வாசனையே இல்லாத டுரியான். இந்த ஆளுக்கு நல்ல சளி பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“உள்ள கொண்டு போக முடியாதுக்கா. பின்னால கொய்யா மரம் இருக்கு. எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க. நீங்களும் மாட்டிருங்க.”

மரம் முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் பைகள். பழ வாசனையில் தலை சுற்றியது. குணாளன் தாழ்ந்த கிளை ஒன்றில் தொங்கிய பைகளைக் கழற்றி வேறு பக்கம் மாட்டினார். அந்தக் கிளையை அவளுக்குக் காட்டினார்.

கணவரைத் தனியே வெளியில் விட அவளுக்கு மனம் வரவில்லை.

காரியம் செய்துவைத்தவர் சொன்னது பிறகு ஞாபகம் வந்தது. அஸ்தியைக் கூரைக்குக் கீழே கொண்டு போகாதே, மரத்தில் கட்டி வை என்றிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குக் கூரை இருக்கிறதே என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

மாட்டினாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு காற்றாடி. மேலே தொழுகைத் திசையைக் காட்டும் பச்சை அம்பு. ஜன்னலும் இருந்தது. இந்த மாதிரி ஹோட்டல்களில் ஜன்னல் கிடைக்காது என்று கணவர் சொல்லியிருக்கிறார். திறந்தால் நேர் கீழே கொய்யா மரம். அவள் கேட்டு வாங்கவில்லை. ஏதோ அதிர்ஷ்டம்.

மாதம் ஒரு முறை சிங்கப்பூர் வேலையிலிருந்து இந்த ஊர் வழியாகத்தான் அவர் வீட்டுக்கு வருவார். வரும்போதெல்லாம் சொல்வார், ஒரு தடவை நாம் ரெண்டு பேரும் ஜேபியில் ரூம் போட்டுத் தங்கலாம் என்று. மகளுக்குப் பரீட்சை வரும். அவருக்கு ஓவர்டைம் வரும்.

இப்போது தங்குகிறார்கள். அவள் உள்ளே, அவர் வெளியே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் மேல் கோபம் வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஓர் இளைஞன் மரத்தடிக்கு வந்தான். தன் பழத்தைத் தேடினான். பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். அவளுடைய பையைப் பிடித்துக் கனம் பார்த்தான்.

அவள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கத்த வேண்டும். என்னவென்று கத்துவது?

“தம்பி, அது அந்தக்காவோடது. கைய எடு.”

சமையல்கட்டு வாசலில் குணாளன் நின்றிருந்தார். குரல் உயரவில்லை. பையன் கையை எடுத்துவிட்டான்.

குணாளன் ஒரு நாற்காலியை இழுத்து வந்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். கவுண்டரில் யாரோ மணி அடித்தார்கள். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

ஒரு பழத்துக்கு இவ்வளவு காவலா என்று நினைத்தாள். நினைத்தபடியே தூங்கிப்போனாள். கணவர் இறந்த பிறகு அவள் தூங்கியது அப்போதுதான்.

காலையில் பை இருந்த இடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு வாசல் பக்கமாகச் சுற்றி வந்தாள்.

கவுண்டரில் அறையைக் காலி செய்கிறவர்கள் வரிசை. முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். போய்ட்டு வாங்க, மறுபடியும் வாங்க என்று குணாளன் அனுப்பிவைத்தார். அடுத்து நின்ற சீனக் கிழவருக்கும் அவர் மொழியில் அதையே சொன்னார்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். பையோடு உள்ளே போகக் கால் வரவில்லை.

குணாளன் எழுந்து வந்தார். சாவியை வாங்கிக்கொண்டார். அவளோடு தெரு வரைக்கும் நடந்தார். வண்டிகள் வழி விடுகிற வரைக்கும் பக்கத்தில் நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று அவ்வளவு செய்த மனிதர். அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

உள்ளே அடுத்தவரிடம் அவர் சொல்வது தெரு வரைக்கும் கேட்டது. போய்ட்டு வாங்க, மறுபடியும் வாங்க.

அவள் நின்றுவிட்டாள்.

சாவு வீட்டில்தான் யாரும் அதைச் சொல்வதில்லை.