கருவி பொய் சொல்லாது

"எலும்பு மேல கட்டாதேம்மா. ஒரு விரல் தள்ளி மேல கட்டு. தொளதொளன்னு இருந்தா வெளிச்சம் உள்ள புகுந்து தப்பாக் காட்டும்."

சொன்னதோடு நிற்காமல், மகளின் மணிக்கட்டில், நாடித் துடிப்பை எண்ணும் புது வாட்ச்சின் பட்டையை ஆய்வாளரே இன்னொரு துளை இறுக்கினார். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை.

"பையன் வீட்டுக்கு ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். உன் மனசுல வேற யாராவது இருந்தா இப்பவே தெரிஞ்சாகணும்."

"யாரும் இல்லைன்னு நூறு தடவை சொல்லிட்டேனேப்பா!"

"எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொல்றான். எடைக்கல்லை ஏத்தினாத்தானே வண்டவாளம் தெரியுது."

"பெத்த பொண்ணும் கடைக்காரனும் ஒண்ணா?" என்றாள் மனைவி. "வாயால கேட்டு நம்பினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"வாய் பொய் சொல்லும். மூஞ்சி அதைவிடப் பொய் சொல்லும். எந்தக் கடையிலயும் நான் ஆளைப் பாக்கறதில்ல, முள்ளைத்தான் பாப்பேன். நீ இவளை உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிட்டு, உள்வழியா சமையலறைக்குப் போயிடு. பத்து நிமிஷம் பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. துடிப்பு அடங்கணும்."

இருவரும் அறைக்குள் போனார்கள். ஆய்வாளர் கதவுச்சீலையை இழுத்துவிட்டு, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாட்ச் அனுப்பிய துடிப்பு போனில் எழுபத்தெட்டு என்று ஓடியது. நடுவில் எண் மறைந்து மறுபடி வந்தது.

"கையை ஆட்டாதேன்னு சொன்னேன்ல!"

மெல்ல எழுபதுக்கு இறங்கி, அசையாமல் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேங்க்ல வேலை பாக்குற உன் கிளாஸ்மேட்!"

எழுபது.

"ஜிம் மாஸ்டர்!"

எழுபத்தொன்று. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

"எதிர் வீட்டு டாக்டர் பையன்!"

எழுபது.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பையன் வீட்டு எண்ணைத் தேடப் போனவர், சும்மா ஒப்புக்கு, "மாடி வீட்டு வயலின் வாத்தியார்!" என்றார். தலை நரைத்த கட்டைப் பிரம்மச்சாரி. அவரைப் போய் யார்...

தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று இருபத்தைந்து.

ஆய்வாளர் துள்ளி எழுந்தார்.

"மாட்டிக்கிட்டியா! அப்பன் வயசு ஆளாடி உனக்கு? சாயங்காலமானா ஜன்னல் திறந்தே கிடக்கறது இதுக்குத்தானா? ஏய், உன் பொண்ணு லட்சணத்தை வந்து பாரு!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

போனைக் கதவுச்சீலைப் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"வாட்ச் தப்புன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. என் கையில கட்டி, நாடி பிடிச்சு எண்ணி, சரி பாத்தாச்சு. ஒரு துடிப்பு பிசகாது!"

வாசலில் செருப்புச் சத்தம். ரொட்டிப் பொட்டலத்தோடு மகள் நின்றாள்.

"யார்கிட்டப்பா கத்துறீங்க? 'உனக்கெதுக்கு இந்தக் கூத்து, நான் கட்டிக்கிட்டு உக்கார்றேன்'னு அம்மா அப்பவே என்னைப் பின்பக்கமா கடைக்கு அனுப்பிட்டாங்களே!"

ஆய்வாளர் போனைப் பார்த்தார். எண் இன்னும் இறங்கவில்லை.

"இதெல்லாம் சும்மா விளையாட்டுச் சாமான்மா," என்றார், போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. "ஒண்ணையும் நம்ப முடியாது."