சாமினி கண்ட அலை

"இது போலிதான். கண்ட அலையளின்ர லிஸ்ட்டில இருந்து எடுக்கப் போறன்," என்றாள் சாமினி.

வெள்ளவத்தை பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் லப்டொப் திறந்திருந்தது. இரண்டு செத்த நட்சத்திரங்கள் சுழன்றபடியே ஒன்றோடொன்று சேரும்போது எழும் ஈர்ப்பலை, திரையில் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் அவளைக் குழப்பியது. தேடுகிறவர்களைச் சோதிப்பதற்காக, அவளுடைய ஆய்வுக் குழுவில் ஒரே ஒருவர் இரகசியமாகப் போலி அலைகளைக் கலந்துவிடுவார். அவர் யாரென்று மற்றவர்களுக்குத் தெரியாது.

"கண்டுபிடிச்சிட்டன் எண்டு அறிவிச்சு, பிறகு போலியெண்டால் எல்லாரும் சிரிப்பினம்."

அதே குழுவில் வேலை செய்யும் அவள் கணவன் ஷெல்டன், கோப்பை கழுவிய கையைத் துடைத்தான்.

"எடுக்காதையும். போலி போடுற ஆள் நான்தான்."

மூன்று நாளாக அவள் தவித்ததைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றித் தந்த முகம். இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய முகம்போல இருந்தது.

"அப்ப இது உங்கட வேலை."

"இல்லை. நான் போட்டது போன மாசம். அதை நீர் வெறும் கருவி இரைச்சலெண்டு தள்ளிவிட்டீர்."

வெட்கப்படுவதா, கோபப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அப்ப இதை ஆர் போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை, சாமினி."